தொழில்நுட்ப மெய்யியல் ஆய்வேடு: தலைப்பை எப்படிச் சுருக்குவது?

கேள்வி:
பொறியியல் முடித்துவிட்டு தொழில்நுட்ப மெய்யியலில் முதுகலை படிக்கிறேன். "தொழில்நுட்பமும் மனித விடுதலையும்" என்று ஆய்வுத் திட்டம் கொடுத்தேன். ரொம்ப அகலம் என்று திரும்பி வந்துவிட்டது. தொழில்நுட்பம் பற்றி எழுதிய சிந்தனையாளர்கள் ஹைடெகர், வின்னர், டான் ஐடி, வெர்பீக் நாலு பேரையும் வைத்து எழுதும் எண்ணம். எங்கே தொடங்குவது?

பதில் 1:
ஆட்களை விட்டுவிட்டு பொருளைப் பிடியுங்கள். ஒரு கருவி, ஒரு இடம் போதும். வெர்பீக் எடுத்துக்கொண்டது கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேன். அது கருவைத் தாயின் உடம்பிலிருந்து பிரித்து, திரையில் தனி ஆளாக நிறுத்துகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் பிடரியில் உள்ள நீர்ப்படலத்தை மில்லிமீட்டரில் அளந்தால் (தடித்திருந்தால் மரபுக் குறைபாட்டின் அறிகுறியாகலாம்), கரு நோயாளியாகவும் ஆகக்கூடும். பெற்றோர் முடிவெடுத்தே ஆகவேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஸ்கேன் வேண்டாம் என்பதும் ஒரு முடிவாகிவிடுகிறது.

இந்தியாவில் இதே மெஷின், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டத்துக்குள் ஓடுகிறது. அந்தச் சட்டம் கேட்கும் எஃப் படிவத்தில் பாலினம் அறிய விரும்பவில்லை என்று கர்ப்பிணியும், சொல்லவில்லை என்று மருத்துவரும் கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தாளும் கருவியின் பாகம்தான் என்று வாதிடலாம். நல்ல ஆய்வேட்டுக்கு அது ஒன்றே போதும்.

முதல் பத்துப் பக்கம் எந்த மெய்யியலாளர் பெயரும் வேண்டாம். திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது, அளப்பது யார் என்று விவரியுங்கள். கோட்பாட்டை முதலில் வைத்தால், மனிதருக்கும் கருவிக்கும் இடையே டான் ஐடி சொன்ன நாலு உறவுகளில் இது எது என்று பெட்டியில் போடுவதோடு வேலை நின்றுபோகும்.

பதில் 2:
வின்னரைத் தொட்டால் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பாலங்களை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். ஏழைகளும் கறுப்பினத்தவரும் வரும் பேருந்துகளைத் தடுக்கவே அங்கே சாலை, பூங்காக்களை அமைத்த அதிகாரி ராபர்ட் மோசஸ் தாழ்வாகக் கட்டினார் என்பது வின்னரின் 1980 கட்டுரையில் உள்ள கதை. அந்தச் சாலைகளில் பேருந்துக்கு ஏற்கெனவே தடை இருந்தது என்று 1999இல் யொர்கஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். தேர்வாளர் அங்கேதான் பிடிப்பார். அதே கட்டுரையில் வரும் தக்காளி அறுவடை இயந்திரம் இதைவிட உறுதியானது: கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேராக இருந்த தக்காளி விவசாயிகள், இயந்திரம் வந்தபின் 1973இல் சுமார் 600. யாருடைய கெட்ட எண்ணத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கேட்டவர்:
ஸ்கேனையே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஹைடெகர் வேண்டவே வேண்டாமா?

பதில் 3:
ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தொழில்நுட்பம் பற்றிய அவருடைய 1953 உரையை ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் சொற்கள் மிரட்டும். ஜெர்மன் மூலத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதில் வரும் 'பெஸ்டாண்ட்' என்பது கடைக்காரர் சரக்கு எண்ணும்போது சொல்கிற சாதாரணச் சொல். தமிழில் 'கையிருப்பு' என்றாலே பாதி விளங்கிவிடும்: மின்நிலையம் வந்தபின் ரைன் நதி தண்ணீர் அழுத்தத்தின் கையிருப்பு. அவருடைய இன்னொரு சொல்லான 'கெஷ்டெல்' தமிழில் அப்படி எளிதாக வராது. அன்றாட ஜெர்மனில் அது அலமாரிச் சட்டம். அவர் அதை எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டி நிறுத்தும் போக்குக்கு வளைக்கிறார். 'சட்டகம்' என்று போட்டால் ஏதோ பொருள் என்று படுகிறது. மூலச்சொல்லையே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.