கிரவுட்: ‘கூழ்க்காரை’ வேண்டாம், ‘இடைச்சாந்து’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டுமானச் சொற்பட்டியலில் கிரவுட் (grout; டைல்களின் இடுக்கு, வெடிப்பு போன்றவற்றை நிரப்பும் கலவை) என்பதற்கு நேராகக் ‘கூழ்க்காரை’ என்று ஏறியிருக்கிறது. அதை இறுதி செய்வதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை வைத்த நண்பர் சொல்லும் காரணம் இது:

> கூழ் போலக் கரைத்து ஊற்றுவதால் அப்படி வைத்தேன்.

ஊற்றுகிற கிரவுட் உண்டு. அணைக்கட்டின் அடிப்பாறை வெடிப்புகளுக்குள் செலுத்துவதும், இயந்திரத்தின் அடித்தகட்டுக்குக் கீழே விடுவதும் ஓடக்கூடியவை. அங்கே கூழ் பொருந்தும். டைல்ஸ் வேலையில் கலப்பது அப்படியன்று. ரப்பர் பலகையால் குறுக்காக இழுத்து அழுத்தும்போது இடுக்கின் அடிவரை இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றிக் கரைத்தால், மிகுதி நீர் வற்றும்போது கலவை சுருங்கி மயிரிழையாக வெடிக்கும். நிறமும் திட்டுத் திட்டாகும். ஒயிட் சிமென்டை மோர் போலக் கரைத்துத் தரையில் கொட்டித் துடைப்பத்தால் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தவறான செய்முறையைக் கலைச்சொல்லே கற்றுக்கொடுக்கக் கூடாது. தவிர, காரை என்றால் சுண்ணாம்புதான் நினைவுக்கு வருகிறது. இன்று கடையில் விற்பதோ சிமென்ட் அல்லது எப்பாக்சி என்ற செயற்கைப் பிசின்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதிடுவதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் குளியலறை. தரை மங்கும்போதெல்லாம் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தோம். நாலைந்து வருடத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. பார்க்க வந்தவர் “டைல்ஸ் போய்விட்டது, எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்” என்றார். ஒரு டைல் கூடக் கெடவில்லை. ஆசிட் சிமென்டைத் தின்றுவிட்டதால் இடுக்குகள்தான் பள்ளமாகிக் கிடந்தன. அவற்றின் வழியே இறங்கிய தண்ணீரைத் தாங்க அடியில் நீர்த்தடுப்புப் பூச்சும் சரியாக இல்லை. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. அதற்கும் அடுத்த டைலுக்கும் நடுவே இருக்கும் 2 மில்லிமீட்டர்தான் தரையின் மென்மையான இடம். அந்த இடத்தில் இருப்பதற்கு வீட்டில் யாரிடமும் ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதைப் பராமரிக்க வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. ஆசிட் மட்டுமல்ல, குத்துவிளக்கைத் தரையில் வைத்துப் புளி போட்டுத் தேய்ப்பதும் நாளடைவில் அதை அரிக்கும்.

ஆகவே பதத்தைச் சொல்லாமல் இருப்பிடத்தைச் சொல்லும் பெயர் வேண்டும். என் முன்மொழிவு: இடைச்சாந்து.

> எப்பாக்சியைச் சாந்து என்பது பிழையல்லவா? சாந்து என்றால் சுண்ணாம்பும் மணலும்தானே?

இல்லை. குழைத்துப் பூசுகிற எதற்கும் அது பழைய பெயர். சங்கப் பாட்டில் மார்பில் பூசும் சந்தனக் குழம்பு சாந்து. நெற்றியில் வைப்பது சாந்துப்பொட்டு. கொத்தனார் கையில் இருப்பதும் சாந்து. எதை அரைத்தார்கள், எதைக் கலந்தார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. இழைந்து ஒட்டும் தன்மை மட்டுமே இருக்கிறது. எனவே சிமென்ட் இடைச்சாந்து, எப்பாக்சி இடைச்சாந்து என்று தயங்காமல் சொல்லலாம். ‘சந்துச்சாந்து’ என்று இன்னொரு நண்பர் கொடுத்ததும் பொருளில் சரியே. ஆனால் நாக்கு இடறுகிறது. வேலையிடத்தில் இரண்டாம் முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதிலிருந்து மற்றவையும் கிளைக்கும். டைல்களுக்கு நடுவே வைக்கும் கூட்டல்குறி வடிவப் பிளாஸ்டிக் துண்டு இடைக்கட்டை. டைலை அடியில் பிடித்து நிறுத்துவது ஒட்டுச்சாந்து. இந்த இரண்டு சாந்துகளையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் விலைப்பட்டியலிலும் அவை தனித்தனியாக வரும். இப்போது எல்லாம் ‘டைல்ஸ் வேலை’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

இடைவெளியே தெரியாமல் ஒட்டித் தரும்படி வீட்டுக்காரர்களே கேட்கிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஒரே பெட்டியிலுள்ள டைல்களிலும் அளவு இம்மியளவு மாறும். வெயிலில் தரை விரியும்போது நெட்டித்தள்ள இடமில்லையென்றால் நடுக்கூடத்தில் இரண்டு டைல்கள் கூடாரம் போல எழும்பி நிற்கும். இடைக்கட்டை என்ற சொல் புழங்கினால், இடை என்ற ஒன்று வேண்டும் என்பதாவது காதில் விழும்.

டைலுக்கு ‘ஓடு’ போதுமா என்ற பழைய கேள்விக்கு ஒரு வரி. சூளையில் சுட்ட செராமிக்குக்கு ஓடு பொருந்தும். செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்குப் பொருந்தாது. அது கண்ணாடிமேல் நிறக்கலவை ஊற்றிச் சிமென்டில் வார்த்து நீரில் ஊறவைப்பது, நெருப்பையே பார்க்காதது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். இதைத் தனி இழையில் பேசுவோம்.

பட்டியலில் மாற்றுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து நண்பர்கள் அங்குள்ள மேசன்மாரிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் என் முன்மொழிவை விலக்கிக்கொண்டு அதையே ஏற்றுவேன்.