மறு: ரிஸ்க் பர்ன்டவுனுக்கு ‘இடர்த் தேய்கோடு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருள் திட்டத்தில் மீதமிருக்கும் ரிஸ்க் நாளடைவில் எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோட்டுப்படம்தான் ரிஸ்க் பர்ன்டவுன். அதைத் தமிழில் ‘இடர்த் தேய்கோடு’ எனலாமா என்ற இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘இடர் எரிவு வரைபடம்’ என்றே வைத்துவிடலாமே. மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

அந்த நெருக்கம்தான் சிக்கல், ஐயா. ‘எரிவு’ என்றதும் தீயும் வயிற்றெரிச்சலும் நினைவுக்கு வருகின்றன, குறைவது வருவதில்லை. தேய்பிறை, வளர்பிறை என்ற இணை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பர்ன்டவுனுக்குத் தேய்கோடு, முடிந்த வேலை ஏறுவதைக் காட்டும் பர்ன்அப்புக்கு வளர்கோடு என்று வைத்தால் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றது தானே விளங்கும்.

> தேய்கோடு என்றால் இறங்கிக்கொண்டே போகவேண்டும். புது ரிஸ்க் வந்தால் கோடு ஏறுமே?

ஏறத்தான் வேண்டும். தேய்பிறைக்குப் பின் வளர்பிறை வராமலா இருக்கிறது? இந்தக் கோடு எதை அளக்கிறது என்று பார்த்தால் தயக்கம் தீரும். ஒவ்வோர் இடருக்கும் நிகழும் வாய்ப்பைச் சதவீதத்திலும், நிகழ்ந்தால் வீணாகும் வேலைநாட்களையும் மதிப்பிட்டுப் பெருக்குகிறோம். மென்பொருள் பொறியியல் அறிஞர் பாரி போம் முதலானோர் எழுதிய கணக்குதான் இது. எடுத்துக்காட்டாக, பழைய தரவை மாற்றுவது 60% × 15 நாள் = 9. பணம் செலுத்தும் இணைப்பு 40% × 10 = 4. ஒரே ஆளுக்குத் தெரிந்த நிரல்பகுதி 20% × 20 = 4. சுமை தாங்காத சர்வர் 50% × 8 = 4. ஆகமொத்தம் 21 நாள். ஐந்து ஸ்பிரிண்டில் (சில வார வேலைச்சுற்று; இதற்கான தமிழைத் தனி இழையில் பேசுவோம்) இதைச் சுழியத்துக்குக் கொண்டுவர, சராசரியாக ஸ்பிரிண்டுக்கு 4.2 நாள் தேயவேண்டும்.

முதல் ஸ்பிரிண்டில் இரண்டு நாள் ஒதுக்கி, பழைய தரவில் ஆயிரம் பதிவுகளை மட்டும் குழுவினர் மாற்றிப் பார்க்கிறார்கள். தேதி வடிவம் குழம்பியிருப்பது தெரிகிறது, திருத்தும் வழியும் கிடைக்கிறது. வாய்ப்பு 60லிருந்து 20க்கு இறங்க, 9 நாள் 3 ஆகிறது, மொத்தம் 15. அடுத்த ஸ்பிரிண்டில் வாடிக்கையாளர் புதிய வரி விதியைக் கொண்டுவந்தால் 15 மீண்டும் 19 ஆகலாம். அதை மறைக்காமல் காட்டுவதுதான் இந்தக் கோட்டின் பயன். மறுஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின நாள் எல்லா வாய்ப்பையும் பத்துப் பத்தாகக் குறைத்துக் கோட்டை அழகாக்குகிற குழுக்களும் உண்டு. ‘எந்த வேலை முடிந்ததால் இது குறைந்தது?’ என்று ஒவ்வோர் இறக்கத்துக்கும் கேட்டால் அது வெளுத்துவிடும்.

பெருக்கல் ஏமாற்றும் இடமும் ஒன்று இருக்கிறது. 5% × 60 நாளும் 3தான், 30% × 10 நாளும் 3தான். முன்னது நடந்தால் திட்டமே கவிழும். அத்தகையவற்றைக் கூட்டுத்தொகையில் கரைத்துவிடாமல் பட்டியலில் தனியே நிறுத்துங்கள்.

> எங்கள் வங்கி அறிக்கைகளில் ‘இடர்நேர்வு முகாமைத்துவம்’ என்றுதான் வருகிறது. வெறும் ‘இடர்’ போதுமா?

இலங்கை நண்பர் கிளப்பியதுதான் இந்த இழையிலேயே கனமான கேள்வி. தமிழ்நாட்டில் ‘பேரிடர் மேலாண்மை’ புழங்கிப் புழங்கி, இடர் என்றால் வந்துவிட்ட துன்பம் என்றே காதில் விழுகிறது. ரிஸ்க் என்பதோ இன்னும் வராதது. வாய்ப்பு 100% ஆன கணமே அது ரிஸ்க் பட்டியலை விட்டு வெளியேறி பேக்லாகில் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில்) சாதாரண வேலையாக உட்காரவேண்டும். இதைப் பிரிக்காத குழு, நடந்துவிட்ட பிரச்சினைக்கு மாதக்கணக்கில் ‘கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டிருக்கும்.

ஆனால் ‘நேர்வு’ இதைத் தீர்க்கிறதா? நேர்ந்தது, நேரக்கூடியது இரண்டுக்கும் அது இடம் தருகிறது. வரைபடத் தலைப்பில் ‘இடர்நேர்வுத் தேய்கோடு’ நீளவும் செய்கிறது. ஆகவே ரிஸ்க்குக்கு ‘இடர்’, வந்துவிட்ட இஷ்யூவுக்கு ‘சிக்கல்’ என்று எல்லை கட்டி, இடர்நேர்வை இணைச்சொல்லாகத் தரலாம் என்பது என் கருத்து.

> ‘தேய்மானம்’ கணக்கியலில் இருக்கிறதே, குழம்பாதா?

குழம்பாது. அது மானம், இது கோடு.

மேலே சொன்ன இரண்டு நாள் சோதனை இருக்கிறதே, ஸ்பைக், அதற்கு ‘ஆணி’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ‘ஆழம்பார்ப்பு’ எப்படி? இறங்குமுன் கழியை விட்டுப் பார்ப்பதுதானே அந்த வேலை. மாற்று இருந்தால் எழுதுங்கள்.