ஃபில்லிங் ரூம்ல ஓசோன் நெடி: லிமிட் எவ்வளவு, எக்ஸாஸ்ட் ஃபேன் பத்துமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை_பொண்ணு

வணக்கமுங்க. நான் கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சின்ன குடிதண்ணி கம்பெனில பாட்டில் ஃபில்லிங்ல இருக்கேன், வேலந்தாவளம் தாண்டி நம்ம தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து பஸ்ல வர்ற அக்காங்கதான் பாதிப்பேரு. தூசி பூச்சி வரக்கூடாதுன்னு ரூமை நல்லா அடைச்சு ஸ்ப்ளிட் ஏசி போட்டிருக்காங்க, தண்ணில கிருமி சாகறதுக்கு ஓசோன் வாயு கலந்து வருது. காலைல உள்ள போனதும் சுருக்குனு ஒரு நெடி, கொஞ்ச நேரத்துல அது தெரியறதே இல்ல, ஆனா சாயங்காலம் தொண்டை வறண்டு வறட்டு இருமல், மூச்சை ஆழமா இழுத்தா நெஞ்சுல புடிக்குது. வீசிங் இருக்குற ஒரு அக்கா ரொம்பக் கஷ்டப்படறாங்க. சூப்பர்வைசர் சேட்டன்கிட்ட சொன்னா மீட்டர்ல 0.2 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 0.2 பங்கு) காட்டுது, நெடியும் போயிருச்சல்ல, ஒண்ணும் ஆகாதுங்கறாரு. உண்மையா எவ்வளவு வரைக்கும் இருக்கலாமுங்க? மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்குது, அது பத்துமா?

பதில்: கஞ்சிக்கோடு_மெயின்டனன்ஸ்

தங்கச்சி, அந்த மீட்டர் எங்க மாட்டியிருக்குன்னு மொதல்ல பாரு. பைப்ல இருந்தா அது தண்ணிக்குள்ள இருக்குற ஓசோன், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு அர்த்தம், நீங்க மூச்சு விடற காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. காத்துல 0.1 பிபிஎம்னா ஒரு கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். இப்ப கணக்குப் போட்டுப்பாரு, 0.3 மில்லிகிராம் இருக்குற ஒரே ஒரு லிட்டர் தண்ணி தெறிச்சு அதுல இருக்கறதெல்லாம் வெளிய வந்துச்சுன்னா ஒரு கன மீட்டர் காத்து 0.15 பிபிஎம் ஆயிரும், 0.1ங்கற லிமிட்டையே தாண்டியாச்சு. நீங்க ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் நிரப்பறீங்க! எல்லாம் வெளிய வராது, ஆனா பாட்டில்ல தண்ணி விழற எடத்துலதான் ஓசோன் கிளம்பும், உங்க மூஞ்சி இருக்கறதும் அங்கதான். ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்குற காத்தையேதான் சுத்திச் சுத்தி விடும், வெளிக்காத்து ஒரு சொட்டு வராது, அதனால ஏசி ஓடுதுன்னு யாரும் தைரியமா இருக்கக்கூடாது.

பதில்: சேஃப்டி_பாலக்காடு

லிமிட் கேட்டீங்க. அமெரிக்காவுல ஓஷாங்கற தொழிலாளர் பாதுகாப்புத் துறை 8 மணி நேர சராசரி 0.1 பிபிஎம்னு வெச்சிருக்கு, நியோஷ்ங்கற அங்கத்த ஆராய்ச்சி நிறுவனம் எந்த நேரத்துலயும் 0.1 தாண்டவே கூடாதுங்குது. நம்ம பழைய 1948 ஃபேக்டரீஸ் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணைலயும் அதே 0.1தான் இருந்துச்சு. ஏசிஜிஐஎச்ங்கற அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர் அமைப்பு இன்னும் இறுக்கமா, வேலையைப் பொறுத்துப் பிரிச்சிருக்கு: லேசான வேலைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.08, பாரம் தூக்கற வேலைக்கு 0.05. கேன் தூக்கி அடுக்கறவங்க வேகமா மூச்சு வாங்கறாங்க, உள்ள போற ஓசோனும் அதுக்குத் தகுந்த மாதிரி ஜாஸ்தி, அதனால அவங்களுக்கு 0.05ன்னே வெச்சுக்கோங்க.

நெடி போயிருச்சுன்னு சொல்றதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்குது. 0.05க்குள்ளயே மூக்குக்குத் தெரிஞ்சிரும், ஆனா கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போகும், ஓசோன் அங்கயேதான் இருக்கும். ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு லிமிட்டுக்குக் கீழயே தொந்தரவு வரலாம். ஓசோன் தயாரிக்கற ஜெனரேட்டர் ரூம்ல லீக் ஆனா கதை வேற, 1 கிராம் ஓசோன் 100 கன மீட்டர் ரூம்ல பரவினா 5 பிபிஎம், அது உயிருக்கே ஆபத்தான அளவுன்னு நியோஷ் சொல்ற எல்லை. சின்ன மெஷின்கூட ஒரு மணி நேரத்துல பல கிராம் தயாரிக்கும்.

கொழிஞ்சாம்பாறை_பொண்ணு

மீட்டர் பைப்லதானுங்க இருக்குது அண்ணா. எங்களுக்கு என்95 மாஸ்க் குடுத்திருக்காங்க. டேங்க்ல இருந்து மிச்ச காத்து வர்ற குழாய் சுவத்துக்கு வெளிய, நாங்க சோறு திங்கற எடத்து ஜன்னல்கிட்ட விட்டிருக்காங்க.

பதில்: கஞ்சிக்கோடு_மெயின்டனன்ஸ்

அய்யோ, அந்தக் குழாயை மொதல்ல மாத்தச் சொல்லு. டேங்க்ல கரையாத ஓசோன் அப்படியே அதுல வருது, மாங்கனீஸ் டையாக்சைடு கேட்டலிஸ்ட் போட்ட டிஸ்ட்ரக்டர் வழியா அழிச்சுட்டு கூரைக்கு மேல ஜன்னல் இல்லாத பக்கம் விடணும். என்95 தூசிக்குத்தான், வாயு நேரா உள்ள போயிரும். மேல இருக்குற ஃபேன் மட்டும் பத்தாது, ஓசோன் காத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல கனம், ஜெனரேட்டர் ரூம்ல தரையோட ஒரு எக்ஸாஸ்ட் வேணும், ஃபில்லிங் மெஷின் தலைமாட்டுல ஒரு ஹூட் போட்டு அங்கயே இழுக்கணும். இழுக்கற அளவுக்கு ஃபில்டர் பண்ணின வெளிக்காத்தை உள்ள தள்ளணும், இல்லாட்டி தூசி வரும்னு அவங்களே ஃபேனை ஆஃப் பண்ணிருவாங்க. சுவத்துல காத்துக்குன்னு தனி ஓசோன் மானிட்டர், 0.1ல அலாரம் அடிச்சு ஜெனரேட்டர் தானா நிக்கற மாதிரி.

இன்னொண்ணு, குழாய் ஜாயின்ட்ல ரப்பர் வாஷர் போட்டிருக்காங்களான்னு பாரு. நம்ம ஊர்ல ரப்பர் சல்லிசா கெடைக்குதுன்னு அதையே மாட்டிருவாங்க, இயற்கை ரப்பரை ஓசோன் சீக்கிரமே வெடிக்க வெச்சிரும், அந்த வெடிப்பு வழியாத்தான் லீக். டெஃப்லான் வாஷர், இல்லாட்டி விட்டான்ங்கற (Viton) செயற்கை ரப்பர் வாஷர் போடணும்.

பதில்: சேஃப்டி_பாலக்காடு

வீசிங் இருக்குற அக்காவை நாளைக்கே லேபிள் செக்சனுக்கு மாத்தச் சொல்லுங்க, அந்த ரூம் தனிக் காத்தோட்டம் இருந்தாத்தான். ஈஎஸ்ஐல டாக்டர்கிட்ட வெறும் இருமல்னு சொல்லாம ஓசோன் ரூம்ல வேலைன்னு சொல்லிக் காட்டணும். கம்பெனி கேக்கலைன்னா ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு நீங்களே எழுதலாம், நான் மலையாளத்துல எழுதித் தர்றேன். லீக்ல யாராவது நல்லா மூச்சு இழுத்துட்டா, அப்ப சரியாயிட்டாலும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, நுரையீரல்ல நீர் கோக்கறது பல மணி நேரம் கழிச்சுக்கூட வரும், அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிலயே வெச்சுப் பாக்கணும்.