வீரபத்திரனுக்கு அருள் வராத வருஷம்

நடிகர் யாரையாவது நேரில் சந்தித்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றால், எல்லோரும் சினிமா நடிகர்களைப் பார்த்த கதையாகச் சொல்கிறீர்கள். நான் சொல்லப்போகிறவர் இலங்கை மலையகத்தில், சிவன் மதனை எரித்த கதையை ஆடும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் இருபது வருஷம் வீரபத்திரன் வேஷம் கட்டியவர். பெயர் வேண்டாம், மாமா என்றே வைத்துக்கொள்வோம். மஸ்கெலியாப் பக்கம் அவரைத் தெரியாத லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கிடையாது.

மாசியில் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் பிள்ளைகள் நாங்கள் காத்திருந்தது மதனுக்கும் ரதிக்கும் இல்லை. மதனை எரிக்கும் தகனத்தன்று ராத்திரி, கூத்து நடக்கும் காமன் பொட்டலில் தப்பு மேளச் சத்தம் ஏற ஏற மாமா நடுங்கத் தொடங்குவாரே, அதற்குத்தான். கை உதறும், வேர்வை கொட்டும், இல்லாத யாரையோ பார்த்துக் கத்துவார், நாலு பேர் இடுப்பில் துண்டைக் கட்டி இழுத்தாலும் நிற்கமாட்டார். கிழவிகள் காலில் விழுவார்கள். காப்பு அவிழ்த்த கையோடு ஆளாளுக்குக் கால் போத்தல் சாராயம் வாங்கிக் கொடுப்பார்கள், சாமி ஆடின உடம்பு என்று. மற்ற நாளெல்லாம் தவறணை என்கிற மதுக்கடை, காசில்லாவிட்டால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். வீடு ஓடியது அத்தை பறித்த கொழுந்தில்.

போன தை மாசம் ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் மாமா. மெலிந்திருந்தார், ஆனால் கண் தெளிவு. நான் சும்மா, "இந்த வருஷம் அருள் வருமா மாமா?" என்றேன். சிரித்தார்.

"எந்த அருள்டா? காப்புக் கட்டி மூணு நாள் குடிக்காம கெடந்த ஒடம்பு நடுங்குனதத்தான் நீங்க கும்புட்டீங்க."

ஒரு மாசி வேஷம் கட்டுவதற்கு முன்பே வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பது. வருஷக்கணக்கில் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் வரலாம், உயிரே போகலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாமாவுக்கு வார்டில் வைத்து மருந்து கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள், விட்டமின் பி1 கொடுத்தார்கள், அப்புறம் மாசாமாசம் கிளினிக். நடுவில் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றைக்கு ஒரு தடவை வழுக்கி, திரும்ப முதலிலிருந்து.

அவருக்கு அதைவிடக் கஷ்டம் அடுத்த மாசிதான். குடியில்லாமல் ஆடினார். அடவு சுத்தம், வசனம் ஒன்றும் தப்பவில்லை. சனம் பொட்டலை விட்டுக் கலையும்போதே "சாமி எறங்கல, வயசாயிருச்சு" என்று பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் நானும் அந்தக் கூட்டத்தில் நின்று, பழைய ஆட்டம் இல்லையே என்று நினைத்தவன்தான். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"அன்னைக்கு ராத்திரி தவறண வாசல் வரைக்கும் போனேன் தம்பி. பூட்டியிருந்துச்சு."

நோர்வூட்டில் மகள் வீட்டுக்கு இறங்க எழுந்தவர் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, "இந்த மாசிக்கு எமன் வேஷம் கேட்டிருக்கேன். வீரபத்திரன வேற எவனாவது ஆடட்டும், எமனுக்கு வசனந்தானே" என்றார். இறங்கும்வரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை.