பள்ளிக்கரணையில் எருமை மேயலாமா?

தாம்பரம் பறவைநேசன்:
சென்னை துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் எருமைகள் இறங்கி மேய்ந்துகொண்டிருக்கும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் தரையில் முட்டையிடுகிற பறவைகள், மேலே ஒரு குளம்பு பட்டால் முடிந்தது. மேய்ச்சலை முழுசாக நிறுத்த வேண்டும்.

மடிப்பாக்கம் மேகலா:
அப்படி நிறுத்திப் பார்த்த இடம் ஒன்று இருக்கிறது சார். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் சரணாலயம். 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா ஆக்கி எருமைகளை வெளியே தள்ளினார்கள், அந்தத் தகராறில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அப்புறம் நடந்தது என்ன? எருமை தின்று மட்டுப்படுத்தி வைத்திருந்த புல் தண்ணீர்ப் பரப்பையே மூடிவிட்டது, வாத்துகளுக்கு நீந்த இடமில்லை, மீனும் குறைந்தது. சொன்னது மாட்டுக்காரர்கள் இல்லை, அங்கேயே பல வருடம் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். இங்கேயும் சம்புக் கோரை அப்படித்தான் மண்டிக் கிடக்கிறது.

தாம்பரம் பறவைநேசன்:
பரத்பூர் எனக்கும் தெரியும் மேடம். ஆனால் இங்கே சம்பு மண்டுவது கழிவுநீரால், எருமை குறைந்ததால் இல்லை. பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக்கிடங்கு வேறு. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிற மாட்டின் பாலை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், அதையும் யோசியுங்கள்.

காங்கேயத்தான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் தீர்ந்ததும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவோம், மழை பெய்தால் புல் வளர்ந்து விதை கட்டுகிற வரை உள்ளே விடமாட்டோம். தலைமுறை தலைமுறையாக மேய்ந்தும் அந்த நிலம் பாழாகவில்லை. மாற்றி மாற்றி மேய்த்தால் போதும், எந்த நிலமும் தாங்கும்.

தாம்பரம் பறவைநேசன்:
எந்த நிலமும் என்று சொல்லாதீர்கள் அண்ணா. ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரியும் 2013இல் டெட் (TED) மேடையேறி, மாடுகளைக் கூட்டமாக ஓட்டி மேய்த்தால் பாலைவனமே பச்சையாகும் என்றார். ஆனால் அதற்கு முன்பே, 2008இல், அமெரிக்க மேய்ச்சல்நில ஆய்வாளர்கள் பல வருடச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டார்கள். சுழற்சி முறையால் மட்டும் புல் அதிகமானதாகத் தெரியவில்லை. எத்தனை மாடு விடுகிறோம், எவ்வளவு மழை பெய்கிறது, பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன. உங்கள் காட்டுக்கு வேலி இருக்கிறது, எண்ணிக்கை பார்க்க சொந்தக்காரர் இருக்கிறார். பள்ளிக்கரணையில் யார் எண்ணுவது?

மடிப்பாக்கம் மேகலா:
மாடு வைத்திருப்பவர்களே எண்ணட்டும், ஏன் கூடாது? பொதுநிலம் என்றாலே பாழாகும் என்று நினைக்க வேண்டியதில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி போட்டுக் காப்பாற்றிய ஊர்களை ஆராய்ந்துதான் எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் வாங்கினார். வன உரிமைச் சட்டம், 2006, மேய்ச்சலை ஓர் உரிமையாகவே ஏற்கிறது. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடு முழுக்க மேய்ச்சலைத் தடைசெய்த சென்னை உயர் நீதிமன்றமே, அதே மாதம் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கிக்கொண்டது. முட்டையிடும் மாதங்களில் மூடுங்கள், எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், நானே கூட நிற்கிறேன். மொத்தத் தடைக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாம்பரம் பறவைநேசன்:
வரம்பு என்கிறீர்கள், எத்தனை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஒரு பகுதியை வேலி போட்டு அடைத்து, மேய்கிற பக்கத்தையும் மேயாத பக்கத்தையும் சில வருடம் கணக்கெடுத்துக் காட்டுங்கள். அதுவரை என் ஓட்டு தடைக்குத்தான்.