பச்சோந்தி கண்ணைத் திறக்கவில்லை, வயிறு வீங்கியிருக்கிறது, கிளையிலிருந்து விழுகிறது. அவசரம்

சிறுவாணி | சனி, மாலை 6.40

வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். தலையில் கொண்டை வைத்த ஏமன் நாட்டுப் பச்சோந்தி, இங்கே கடைகளில் வெய்ல்டு கமீலியன் என்பார்கள், அது ஒன்று வீட்டில் இருக்கிறது. பெயர் பச்சையப்பன். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய ஒரு மாணவரிடம் நாலு மாதத்துக்கு முன் கூண்டு, விளக்கு எல்லாம் சேர்த்து வாங்கினோம். எட்டு மாத ஆண் என்றார். ஆக, இப்போது ஒரு வயது.

ஐந்து நாளாகச் சாப்பாடே இல்லை. எப்போதும் மேல் கிளையில் இருப்பவன் மூன்று நாளாகக் கூண்டின் தரையில் அலைகிறான், பூந்தொட்டி மண்ணைப் பிறாண்டுகிறான். இன்று பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மணி நேரத்துக்கு முன் கிளையிலிருந்து தொப்பென்று விழுந்தான். தூக்கிப் பார்த்தால் வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருக்கிறது. மலச்சிக்கலாக இருக்கும் என்று நினைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார வைத்தேன். பலன் இல்லை.

கூண்டு இரண்டடிக்கு இரண்டடி, நாலடி உயரம், வலைக்கூண்டு. வெயில் விளக்குக்கு நேர் கீழே 35 டிகிரி. தினமும் வயிறு நிறைய வெட்டுக்கிளி, கூடவே மெழுகுப் புழு. சன்னல் ஓரமாகத்தான் வைத்திருக்கிறோம், வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஒன்பது வயது மகள் கூண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது?

பனையோலை | சனி, மாலை 6.58

நான் டொரன்டோவில் ஏழு வருடமாக இந்த வகையை வளர்க்கிறேன். முதலில் தண்ணீரில் உட்கார வைப்பதை நிறுத்துங்கள் அக்கா. இதற்கு அது வைத்தியம் இல்லை, பயம் மட்டும்தான் கூடும்.

நாலு விஷயம் உடனே சொல்லுங்கள். பின்னங்கால் குதியில் சின்னதாக முள் போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறதா? எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி இப்போது என்ன நிறம்? யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு, என்று தனியாக ஒன்று உண்டா, அதற்கு வயது என்ன? பூச்சிக்குக் கால்சியம் தூள் தூவிக் கொடுக்கிறீர்களா?

வேப்பங்கொழுந்து | சனி, இரவு 7.05

மலச்சிக்கல் என்றால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு நாக்கில் விடலாமே. எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டிக்கு அப்படித்தான் செய்வோம். வீக்கத்துக்கு மஞ்சள் பத்து.

பனையோலை | சனி, இரவு 7.09

தயவுசெய்து வேண்டாம். பச்சோந்திக்கு மூச்சுக்குழாயின் வாசல் வாய்க்குள் முன்பக்கமாகவே இருக்கிறது. தெம்பாக இருக்கும் பச்சோந்திக்கே பிடித்து வாயில் ஊற்றினால் தண்ணீர்கூட நுரையீரலுக்குப் போய்விடும். இது கண் மூடிக் கிடக்கிறது, எண்ணெய் போனால் கதை முடிந்தது.

சிறுவாணி | சனி, இரவு 7.31

பார்த்தேன். குதியில் முள் எதுவும் இல்லை, வழவழவென்று இருக்கிறது. இருக்க வேண்டுமா? எச்சம் ஆரஞ்சு நிறம். குழல் விளக்கு ஒன்று இருக்கிறது, கூண்டோடு வந்தது, அதன் வயது தெரியாது. நன்றாகத்தான் எரிகிறது. கால்சியம் தூள் டப்பா இருக்கிறது, ஞாபகம் வரும்போது தூவுவேன். உண்மையைச் சொன்னால் வாரத்துக்கு ஒரு தடவை.

இன்னொன்று. மூன்று வாரமாக உடம்பு நிறமே மாறிப்போயிருந்தது. கரும்பச்சைப் பட்டில் மஞ்சளும் நீலமுமாகப் பொட்டு வைத்த மாதிரி. அவ்வளவு அழகு என்று படம் எடுத்து ஊரில் எல்லோருக்கும் அனுப்பினேன்.

பனையோலை | சனி, இரவு 7.44

அக்கா, உங்கள் பச்சையப்பன் பெண். இந்த வகையில் ஆணுக்கு முட்டையிலிருந்து வரும்போதே குதியில் அந்த முள் இருக்கும். அந்த மஞ்சள், நீலப் பொட்டுதான் சினைப்பட்டதன் அடையாளம். வயிற்றில் இருப்பது முட்டை. ஆணைப் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை, கோழி மாதிரி தனியாகவே இடும். அதுவும் தினமும் வயிறு நிறையத் தீனி, 35 டிகிரி வெயில் என்றால் முட்டை எண்ணிக்கை எகிறும்.

மண்ணைப் பிறாண்டியது இடம் தேடித்தான். கிடைக்காததால் அடக்கிக்கொண்டிருக்கிறாள். ஆரஞ்சு எச்சம் என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. பிடி நழுவி விழுகிறாள் என்பதால் எலும்பில் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். யூவிபி இல்லாமல் அந்தச் சத்து உடம்பில் ஒட்டாது. குழலில் வெளிச்சம் வருவது வேறு, யூவிபி வருவது வேறு. பல குழல்களில் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அது தேய்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சன்னல் வெயில் கணக்கிலேயே வராது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும்.

முட்டை இடத் தெம்போடு சுற்றும் பெண் என்றால் மண் வாளி வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்பேன். பகலில் கண்ணை மூடிவிட்ட பச்சோந்திக்குக் காத்திருக்க நேரமில்லை. காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் எதிரி தூக்கிப் போய்விடும் என்பதால் கடைசிவரை மறைக்கும் பிராணி இது. நமக்குத் தெரிகிறது என்றால் ஏற்கனவே தாமதம். இன்றிரவே ஊர்வன பார்க்கும் டாக்டரைத் தேடுங்கள்.

சிறுவாணி | சனி, இரவு 7.52

கை நடுங்குகிறது. பக்கத்தில் இருக்கும் அவசர மருத்துவமனையைக் கூப்பிட்டேன். நாய், பூனை மட்டும்தானாம்.

குன்றிமணி | சனி, இரவு 8.10

நான் இங்கே இங்கிலாந்தில்தான் ஒரு கால்நடை மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் தளத்தில் எந்தப் பிராணியைப் பார்ப்பவர் என்று வடிகட்டித் தேடலாம். போன் செய்யும்போது பச்சோந்தி என்று மட்டும் சொல்லாதீர்கள். முட்டை தங்கிவிட்டது, கண் மூடிக் கிடக்கிறாள், கிளையில் நிற்க முடியவில்லை என்று சொல்லுங்கள். நாளைக்கு வாருங்கள் என்பவர்கள் கூட இன்றே நேரம் தருவார்கள்.

கொண்டுபோவதற்கு, மூடி உள்ள பெட்டி, காற்றுக்கு ஓட்டை, பிடித்துக்கொள்ள ஒரு குச்சி, கீழே சுருட்டிய துண்டு. உள்ளே இருட்டாக இருந்தால் அமைதியாக இருப்பாள். காரில் ஹீட்டர் போடுங்கள், வெந்நீர்ப் பை வைத்தால் பெட்டிக்கு வெளியே, துணி சுற்றி. முடிந்தால் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், சமையல் தராசு போதும். எச்சத்தையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள்.

சிறுவாணி | சனி, இரவு 8.47

128 கிராம். முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு இடம் கிடைத்தது, காலை ஒன்பதுக்கு. இரவு என்ன செய்வது?

பனையோலை | சனி, இரவு 8.55

இரவிலேயே வாளி வைத்துவிடுங்கள், ஒருவேளை இட்டால் நல்லது. ஒரு அடிக்குக் குறையாத ஆழம். குழந்தைகள் விளையாடும் கழுவிய மணலும் உரம் கலக்காத மண்ணும் பாதிப் பாதி. ஈரம் முக்கியம். விரலால் குத்தினால் துளை இடியாமல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. வாளிக்குள் இறங்க ஒரு குச்சி சாய்த்து வையுங்கள். கூண்டைச் சுற்றிப் போர்வை. யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதித் துளையை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள் இவர்கள். மகளையும் படுக்க அனுப்புங்கள்.

வத்தலக்குண்டு_மணி | சனி, இரவு 10.20

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் தோப்பில் ஒரு பச்சோந்தி இதே மாதிரி வயிறு பெருத்துத் தரையில் நடக்கிறது. பிடித்துவைத்து இதே வைத்தியம் செய்யலாமா?

குன்றிமணி | சனி, இரவு 10.41

கூடாது. இந்தியாவில் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பிடித்து வைத்திருப்பதே குற்றம். அது மண் தேடி இறங்கியிருக்கும், நாய் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், தோண்டி இட்டுவிட்டு மரம் ஏறிவிடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒருவேளை அது ஓணானாகவும் இருக்கலாம், நம் ஊரில் கழுத்து சிவந்த ஓணானையே பலரும் பச்சோந்தி என்பார்கள். விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கி மாதிரி இருந்து, கண் இரண்டும் தனித்தனியாகச் சுழன்றால்தான் பச்சோந்தி.

சிறுவாணி | ஞாயிறு, மதியம் 1.15

இரவு இடவில்லை. வாளிப் பக்கம் போகவே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பட்டாணியைக் கொட்டிவைத்த மாதிரி வயிறு முழுக்க வட்ட வட்டமாக. முப்பதுக்கு மேல் என்றார் டாக்டர். எலும்பு படத்தில் மங்கலாகத் தெரிகிறது, வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். இடது முன்னங்கால் வளைந்திருப்பதைக் காட்டினார். நாலு மாதமாகத் தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. தாடையை விரலால் லேசாக அழுத்திக் காட்டினார், ரப்பர் மாதிரி வளைகிறது.

தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் மாதிரி ஏதோ ஏற்றினார்கள், கால்சியம் ஊசி போட்டார்கள். பிரசவ ஊசி ஒன்று உண்டு, ஆனால் இப்போது போட மாட்டேன் என்கிறார். ஏன்? சீக்கிரம் போட்டால் நல்லதுதானே? 410 பவுண்ட் ஆனது, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் போட வேண்டியதைப் போட மாட்டேன் என்றால் குழப்பமாக இருக்கிறது.

குன்றிமணி | ஞாயிறு, மதியம் 1.40

அவர் செய்வது சரி. அந்த ஊசி ஆக்ஸிடோசின். அது கருக்குழாயின் தசையை இறுக்கும். தசை சுருங்க இரத்தத்தில் கால்சியம் வேண்டும், அது இல்லாமல் போட்டால் வெறும் வண்டியை அடித்து ஓட்டுகிற கதைதான். முட்டை எங்காவது சிக்கியிருந்தால் உள்ளேயே கிழியவும் கூடும். அதனால்தான் முதலில் நீர், சூடு, கால்சியம், பிறகு அது. ஆமைக்குப் பிடிக்கிற அளவு பல்லி இனத்துக்கு அந்த ஊசி பிடிப்பதும் இல்லை. எதற்கும் மசியவில்லை என்றால் அறுவை சிகிச்சை செய்து முட்டையை எடுப்பார்கள், அதற்கும் அவள் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

எத்தனை மணி நேரம் பார்ப்பார், எப்போது அறுவைக்குப் போவார் என்று கேட்டு வையுங்கள். எந்தச் செலவுக்குப் பிறகு நிறுத்துவது என்பதையும் உங்களுக்குள் இன்றே பேசிக்கொள்ளுங்கள். நடுராத்திரி போனில் முடிவு செய்வது கொடுமை, நான் தினமும் பார்க்கிறேன்.

சிறுவாணி | செவ்வாய், காலை 6.20

இட்டுவிட்டாள்!

நேற்றுக் காலை இரண்டாவது கால்சியம், மதியம் ஆக்ஸிடோசின். நாலு முட்டை அங்கேயே வந்தது. மிச்சத்தை வீட்டில் இடட்டும், அவளுக்குத் தெரிந்த இடம் என்று அனுப்பிவிட்டார்கள், இன்று காலைக்குள் வராவிட்டால் அறுவை என்று சொல்லி. பழைய போனைக் கூண்டுக்குள் சாய்த்து வைத்துப் படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு வாளியில் இறங்கினாள். முன்னங்காலால் தோண்டுவாள், பத்து நிமிடம் அசையாமல் கிடப்பாள், செத்துவிட்டாள் என்று நான் எழுந்து உட்காருவேன், மறுபடி மண் தெறிக்கும். நாலரைக்கு வாளியில் வால் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிறகு திரும்பி வந்து, அந்த வளைந்த காலாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். மூடிய இடத்தைத் தட்டியும் விட்டாள்.

தோண்டி எண்ணினோம், 34. மொத்தம் 38. எடை 86 கிராம்.

பனையோலை | செவ்வாய், காலை 6.31

அப்பாடா. எனக்கு இங்கே நள்ளிரவு ஒன்றரை, நானும் தூங்கவில்லை.

இலைகளில் தண்ணீர் தெளித்து நன்றாகக் குடிக்க விடுங்கள், கிண்ணத்தில் வைத்தால் அதற்குத் தெரியாது. எல்லா முட்டையும் வந்துவிட்டதா என்று இன்னொரு எக்ஸ்ரே கேளுங்கள். ஓரிரண்டு தங்கினால் அழுகும். முட்டையை இருபத்துநாலு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடலாம். ஆனால் அந்த மாணவரிடம் இவளை ஆணோடு வைத்திருந்தாரா என்று கேளுங்கள், பெண் பச்சோந்தி விந்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும்.

சிறுவாணி | செவ்வாய், இரவு 9.05

கேட்டேன், தனியாகத்தான் இருந்தாளாம். அவருக்கே ஆண் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், பாவம். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை.

சிறுவாணி | பன்னிரண்டு நாள் கழித்து

நிலவரம் சொல்கிறேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. முதல் ஐந்து நாள் நாக்கு எட்டவே இல்லை, பாதி வந்து தொங்கும், தானாகவே மெதுவாக உள்ளே போகும். இடுக்கியில் பூச்சியை வாயருகே பிடித்தேன். இன்று காலை கிளையில் இருந்தபடியே ஒரு வெட்டுக்கிளியைக் குறி வைத்தாள், தப்பியது. இரண்டாவது முறை பிடித்துவிட்டாள். மகள் போட்ட சத்தத்தில் அவள்தான் பயந்து கறுத்துப்போனாள்.

கால் வளைவு நேராகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளைகளைத் தாழ்த்திக் கட்டி, தரையில் மெத்தென்று துணி விரித்திருக்கிறேன். தினமும் வாயில் கால்சியம் திரவம், அதை எப்படி விடுவது என்று அவர்களே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வெயில் விளக்கை 28 டிகிரிக்கு இறக்கிவிட்டேன். டி5 என்ற மெல்லிய யூவிபி குழல், 6 சதவீத வகை, புதிது வாங்கி மாட்டியாயிற்று. இனி தீனி எப்படி? விளக்கு எத்தனை மணி நேரம்?

பனையோலை | அதே நாள்

இப்போது இளைத்திருக்கிறாள், டாக்டர் சொல்லும் அளவைக் கொடுங்கள். தேறிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி போதும், மெழுகுப் புழு வேண்டவே வேண்டாம், அது வெறும் கொழுப்பு. ஒவ்வொரு தடவையும் வைட்டமின் டி3 சேராத கால்சியம் லேசாகத் தூவுங்கள், டி3 சேர்ந்தது மாதத்துக்கு இரண்டே முறை. அடுத்த சினை மூன்று நாலு மாதத்தில் வரலாம். வாளியை இனி எடுக்காதீர்கள், நிரந்தரமாகக் கூண்டிலேயே இருக்கட்டும்.

விளக்கு பன்னிரண்டு மணி நேரம். குழல் கிளைக்கு மேலே இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர். மாட்டிய தேதியைக் குழல் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.

சிறுவாணி | அதே நாள்

எழுதிவிட்டேன். பெயரைத்தான் மாற்ற விடமாட்டேன் என்கிறாள் மகள். மருத்துவமனைச் சீட்டிலும் பச்சையப்பன், பெண், ஒரு வயது என்றே இருக்கிறது.