காலநிலையும் கேயாஸ் அமைப்புதானா?

கேள்வி (கடலூர் முதுநகர்)

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே நின்று, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழையைக் கொட்டியது. வளிமண்டலம் ஒரு கேயாஸ் அமைப்பு (தொடக்கத்தில் மிகச் சிறு மாறுதல் இருந்தாலும் போகப்போக விளைவு முற்றிலும் மாறிவிடும் அமைப்பு) என்றும், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால் அன்றாட வானிலையைக் கணிக்க இயலாது என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, 2100-இல் வெப்பம் எவ்வளவு உயரும் என்று எந்த அடிப்படையில் சொல்கிறார்கள்?

பதில் 1 (புதுச்சேரி, இயற்பியல் ஆசிரியை)

ஐயா, 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலைக் கணக்கைக் கணினியில் மீண்டும் ஓட்டுகையில் 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று உள்ளிட்டபோது, தொடக்கத்தில் ஒத்துப்போன பழைய, புதிய கணக்குகள் இரண்டும் போகப்போக முற்றிலும் வேறுபட்டன. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் 1963-இல் அவர் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளில் இன்னோர் உண்மையும் உண்டு: அமைப்பு மாறிச் செல்லும் பாதையை நெடுந்தொலைவுக்குக் கணிக்க முடியாவிட்டாலும், அது எந்த எல்லைக்குள் சுற்றும் என்பதைச் சமன்பாட்டின் மாறிலிகளே (நாம் நிலையாக வைக்கும் எண்களே) தீர்மானிக்கின்றன; மாறிலியை மாற்றினால் அந்த எல்லையும் மாறிவிடும். ‘ஐப்பசியில் அடைமழை’ என்று நம் முன்னோரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, எந்தத் தேதியில் பெய்யும் என்று அவர்கள் சொல்ல முற்படாததால்தான். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐக் கடந்துவிட்டது. பூமியைப் பொறுத்தவரை, மாறிவிட்ட மாறிலி இதுவே.

பதில் 2 (குறிஞ்சிப்பாடி, விவசாயி)

அம்மா, விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அது எங்கள் வயல்வரை வந்து சேரவில்லை. 2015-இல் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது; மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. முப்பது ஆண்டுச் சராசரியில் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடும். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி நம் மழையையும் மாற்றும் எல் நினோவின் வருகையையும் கேயாஸ் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பதில் 3 (ஆசிரியை)

ஐயா, ஆண்டுக்காண்டு நிகழும் அந்த ஏற்ற இறக்கத்தில் கேயாஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் ஒரே கணினி மாதிரியை, தொடக்க நிலையில் மிகச் சிறு மாறுதல்களுடன், பல முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தின் மழை குறித்து அந்த ஓட்டங்கள் பெரிதும் முரண்படும்; நூற்றாண்டின் இறுதியில் உலகச் சராசரி வெப்பமோ பெருமளவுக்கு நாம் வெளியிடும் வாயுவைப் பொறுத்தே அமையும். 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின், உலகம் சுமார் அரை டிகிரி குளிரும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். 1992-இல் ஏறத்தாழ அவ்வாறே நடந்தது. ஆகவே கணிப்பே வீண் என்பதை என்னால் ஏற்க முடியாது. சராசரி போதாது என்று நீங்கள் சொல்வது மிகச் சரி: பரவனாற்றின் கரையை உயர்த்தத் திட்டமிடுவோர், அந்த ஓட்டங்கள் அனைத்திலும் தென்படும் உச்ச மழையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.